பெயர் தெரியாத செனட்டருக்கு வெள்ளை மாளிகை எட்டுமா?

2019 ஆகஸ்டில் கொலராடோ செனட்டர் மைக்கேல் பென்னட் ட்விட்டரில் ஒரு வாக்குறுதி கொடுத்தார். என்னை அதிபராக்கினால் தொடர்ந்து இரண்டு வாரம் என்னைப் பற்றி நீங்கள் யோசிக்கவே வேண்டியிருக்காது என்பது அதன் சாரம். டிரம்ப்பின் ட்வீட்டோடு விடிந்து ட்வீட்டோடு முடிந்த நாட்களில் சலித்துப்போயிருந்த ஜனநாயகக் கட்சிக்காரர்களுக்கு அது காதில் தேன் பாய்ந்ததுபோல் இருந்திருக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து, 2020 பிப்ரவரி 11 அன்று நடந்த நியூ ஹாம்ப்ஷயர் முதன்மைத் தேர்தலில் (கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலம் மாநிலமாக நடக்கும் வாக்கெடுப்பு) அவருக்கு விழுந்தது சுமார் 0.3% வாக்கு. அன்றிரவே விலகிக்கொண்டார். அவர் சொன்னதை வாக்காளர்கள் முன்கூட்டியே செய்துவிட்டார்கள். அவரைப் பற்றி யோசிக்கவே இல்லை.

பென்னட் சோடையான ஆள் இல்லை. டென்வர் நகரப் பள்ளிகளை நிர்வகித்தவர், 2009 முதல் செனட்டர், 2013-இல் குடியேற்றச் சீர்திருத்த மசோதாவை வரைந்த இருகட்சி எண்மர் குழுவில் ஒருவர். ஆனால் செனட்டில் உள்ள நூறு பேரில் பெரும்பாலானோர் அவர் ரகம்தான். சொந்த மாநிலத்தில் தெரியும், வாஷிங்டன் நிருபர்களுக்குத் தெரியும், அதற்கு அப்பால் விமான நிலையத்தில் வரிசையில் நின்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இப்படிப்பட்ட ஒருவருக்கு அதிபர் ஆசை வந்தால் மூன்று வழிகள் உண்டு. நேராகப் போட்டியில் இறங்கலாம். இன்னொருவருடைய துணை அதிபர் வேட்பாளராகலாம். செனட்டை விட்டுவிட்டுச் சொந்த மாநிலத்துக்கு ஆளுநராகி (அங்கே அது மக்கள் தேர்ந்தெடுக்கும் பதவி), அங்கிருந்து கிளம்பலாம். என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். அமைதியான செனட்டர்களில் பெரும்பாலோருக்கு இரண்டாவது வழிதான் நல்லது. முதல் வழி ஒரே ஒரு ரகத்தவருக்குத்தான் ஒத்துவரும். மூன்றாவது வழி பார்க்கத்தான் அழகு.

நேரே இறங்கினால்

செனட்டராக இருக்கும்போதே அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அமெரிக்க வரலாறு முழுவதிலும் மூன்று பேர்தான்: 1920-இல் வாரன் ஹார்டிங், 1960-இல் ஜான் கென்னடி, 2008-இல் பராக் ஒபாமா. மூவருமே செனட்டில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் இல்லை. ஹார்டிங் முதல் பதவிக்காலத்தில் இருந்தார், ஒபாமா நான்காவது ஆண்டில், கென்னடி எட்டாவது ஆண்டில். செனட்டிலேயே முடி நரைத்த பாப் டோல், ஜான் கெர்ரி, ஜான் மெக்கெய்ன் ஆகியோர் கட்சியின் வேட்பாளர்கள் வரை வந்து, இறுதிச் சுற்றில் தோற்றார்கள்.

காரணம் ஓரளவு வெளிப்படை. செனட்டர் வாக்களித்துக்கொண்டே இருக்கிறார், ஒவ்வொரு வாக்கும் பதிவாகிறது. ஒரே விஷயத்தில் ஒரு வடிவத்துக்கு ஆம் என்றும் இன்னொரு வடிவத்துக்கு இல்லை என்றும் வாக்களித்திருப்பார். செனட்டுக்குள் இது சாதாரணம், மேடையில் இதை விளக்க முடியாது. இராக் போருக்கான 8,700 கோடி டாலரை முதலில் ஆதரித்து வாக்களித்தேன், பிறகுதான் எதிர்த்தேன் என்று 2004-இல் கெர்ரி விளக்கம் சொல்லப்போக, அந்த ஒரு வாக்கியத்தைக் கொண்டே எதிர்த்தரப்பு விளம்பரப் படம் எடுத்தது. பெயர் தெரியாதவருக்கும் இந்தத் தொல்லையிலிருந்து விடுதலை இல்லை. ஆளைத் தெரியாவிட்டாலும் அவருடைய வாக்குப் பதிவைத் தேடி எடுக்க ஒரு மதியம் போதும்.

மூவரில் ஹார்டிங் ஒருவர்தான் உண்மையிலேயே ஒதுங்கியிருந்த ஆள். 1920 சிகாகோ மாநாட்டில் முன்னணியில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் முடக்கிக்கொண்டார்கள். பிளாக்ஸ்டோன் ஹோட்டல் அறையில் சுருட்டுப் புகைக்கு நடுவே தலைவர்கள் பேசிக்கொண்டதாகச் சொல்லப்படும் அந்த இரவுக்குப் பிறகு, பத்தாவது சுற்று வாக்கெடுப்பில் யாருக்கும் பகையில்லாத ஒஹாயோ செனட்டர் வேட்பாளரானார். பிறகு மேரியன் நகரில் தன் வீட்டுத் திண்ணையில் நின்றபடியே பிரசாரம் செய்து சுமார் 60% வாக்கு வாங்கினார். யாருக்கும் பிடிக்காமல் போகாதவர் என்பதே அன்று தகுதி. அந்த அறை இன்று இல்லை. 1968 மாநாட்டுக் கலவரத்துக்குப் பிறகு ஜனநாயகக் கட்சி விதிகளை மாற்றி எழுதியது, குடியரசுக் கட்சியும் முதன்மைத் தேர்தல் பாதைக்கே வந்து சேர்ந்தது. இப்போது நாலு தலைவர்களைத் திருப்திப்படுத்தினால் போதாது. போட்டி பல காலமாக முதலில் தொடங்கிவந்த அயோவாவின் பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடங்களில் குளிரில் வந்து உட்காரும் ஆட்களுக்குக் காரணம் சொல்ல வேண்டும்.

அந்தக் காரணம்தான் விஷயமே. பெயர் தெரியாமல் கிளம்பி உயரம் தொட்ட செனட்டர்களைப் பாருங்கள். 1968-இல் மினசோட்டாவின் யூஜின் மெக்கார்த்தி, பதவியில் இருந்த அதிபர் ஜான்சனுக்கு எதிராக நியூ ஹாம்ப்ஷயரில் 42% வாங்கினார். ஜான்சன் 49% வாங்கியும் அது தோல்விபோலத் தெரிந்தது, அந்த மாதக் கடைசியிலேயே அவர் மறுபடி நிற்கப்போவதில்லை என்று அறிவித்தார். 1972-இல் தெற்கு டகோட்டாவின் ஜார்ஜ் மெக்கவர்ன், புது விதிகளை எழுதிய ஆணையத்துக்குத் தானே தலைமை வகித்தவர், அந்த விதிகளின் துணையோடு வேட்பாளரானார். இருவருக்கும் வியட்நாம் போர் கையில் இருந்தது. கட்சியின் பாதி உள்ளுக்குள் குமுறிக்கொண்டிருந்த ஒரு சண்டை, மேலே இருந்தவர்கள் எடுக்க மறுத்த சண்டை.

இதை 2015-ஐப் போல் துல்லியமாகச் சோதித்துக் காட்டிய ஆண்டு வேறில்லை. ஹிலாரி கிளின்டன் முன்னணியில். அவரை எதிர்த்து நாடறியாத நால்வர் முக்கியமாக இறங்கினார்கள். மேரிலாந்தின் முன்னாள் ஆளுநர் மார்ட்டின் ஓமாலி, வர்ஜீனியாவின் முன்னாள் செனட்டர் ஜிம் வெப், ரோட் ஐலண்டில் செனட்டராகவும் ஆளுநராகவும் இருந்த லிங்கன் சாஃபி, வெர்மாண்ட் செனட்டர் பெர்னி சாண்டர்ஸ். ஆள் பார்த்து வேலைக்கு எடுப்பதென்றால் ஓமாலிக்குத்தான் கிடைத்திருக்கும். இளையவர், கிதார் வாசிப்பார், நிர்வாக அனுபவம் உண்டு. சாண்டர்ஸுக்கு 73 வயது, கட்சியில் உறுப்பினர்கூட இல்லை, தன்னை சோசலிஸ்ட் என்று சொல்லிக்கொள்பவர். நாடாளுமன்றக் கட்டடத்துக்கு வெளியே புல்தரையில் நிருபர்களிடம் சுருக்கமாகப் பேசிவிட்டு வேலை இருக்கிறது என்று உள்ளே போனவர். வெப்பும் சாஃபியும் அந்த அக்டோபரிலேயே விலகினார்கள். ஓமாலி அயோவாவில் ஒரு சதவீதம்கூடத் தேறாமல் அன்றிரவே போனார். சாண்டர்ஸ் நியூ ஹாம்ப்ஷயரில் 60% வாங்கி, கடைசிவரை நின்று, மொத்த முதன்மைத் தேர்தல் வாக்குகளில் சுமார் 43% எடுத்தார்.

நால்வருக்கும் பெயர் தெரியாத குறை ஒன்றுதான். ஓமாலி விற்றது கிளின்டன் ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்த சரக்கு, கொஞ்சம் புதிய உறையில். சாஃபி அளவைகளை மெட்ரிக் முறைக்கு மாற்றுவோம் என்றார். (அது நல்ல யோசனை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்காக யாரும் பனியில் வந்து வாக்களிக்க மாட்டார்கள்.) சாண்டர்ஸ் மட்டும் கிளின்டனால் எடுக்கவே முடியாத சண்டையை எடுத்தார்: வால் ஸ்ட்ரீட், கல்லூரிக் கட்டணம், பெரும் பணக்காரர்களின் நன்கொடை.

பெயர் தெரிந்த ஒருவர் விற்கும் அதே பொருளைப் பெயர் தெரியாதவர் விற்கக் கூடாது. பென்னட்டின் கதை இதே கதைதான். இரண்டு வார நிம்மதி என்ற அவருடைய சரக்குக்கு நாட்டில் தேவை இல்லாமல் இல்லை. 2020-இல் அமெரிக்கா வாங்கியதே அதைத்தான். வாங்கியது ஜோ பைடனிடம். எட்டு ஆண்டு துணை அதிபராகப் பார்த்துப் பழகிய முகம் அதே கடையை விரித்திருக்கும்போது புதிய ஆளிடம் எதற்குப் போக வேண்டும்? 2023-இல் குடியரசுக் கட்சியில் டிம் ஸ்காட்டும் இங்கேயே மாட்டினார். தென் கரோலினா செனட்டர், செனட் கணக்கிலிருந்து வந்த 2 கோடி டாலருக்கு மேல் கையில் வைத்துக்கொண்டு கிளம்பியவர், இனிமையான பேச்சாளர். ஆனால் டிரம்ப்போடு அவருக்குச் சொல்லத்தக்க சண்டை எதுவும் இல்லை. பிறகு எதற்கு டிரம்ப்பை விட்டு இவருக்குப் போட வேண்டும் என்ற கேள்விக்கு மேடையில் விடை வரவில்லை. மே மாதம் தொடங்கி நவம்பரில் முடித்துக்கொண்டார்.

2020 போட்டியில் இறங்கிய மினசோட்டா செனட்டர் ஏமி குளோபுச்சார் இந்த விதியின் விளிம்பில் நிற்பவர், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியவர். மினியாபொலிஸில் பனி தலையில் கொட்டக்கொட்ட வேட்பாளராக அறிவித்தார். பக்கத்து மாநிலமான அயோவாவின் 99 மாவட்டங்களுக்கும் போய்வந்தார். அங்கே ஐந்தாம் இடம்தான். பைடனும் நான்காம் இடத்துக்குச் சரிந்திருந்தார். அடுத்து நடந்த விவாதத்தில் குளோபுச்சார் பிரமாதமாகப் பேச, நியூ ஹாம்ப்ஷயரில் 20 சதவீதத்தை ஒட்டி வாங்கி மூன்றாம் இடத்துக்குப் பாய்ந்தார். பைடன் ஐந்தாவது. பெயர் தெரிந்தவர் தடுக்கி விழுந்தால் அதே சரக்கை விற்கும் பெயர் தெரியாதவருக்கு வாய்ப்பு வருகிறது என்பதற்கு இது சாட்சி. அந்த வாய்ப்பு எவ்வளவு நாள் நீடித்தது என்பதும் சாட்சிதான். பிப்ரவரி 29 அன்று தென் கரோலினாவில் பைடன் ஏறக்குறைய பாதி வாக்குகளை அள்ளினார். குளோபுச்சாருக்கு 3% அளவில். அங்குள்ள கறுப்பின வாக்காளர்களிடையே அவருக்கு ஆள் இல்லை, அமைப்பு இல்லை, பழக்கமும் இல்லை. மார்ச் 2 அன்று விலகி, அன்று மாலையே டல்லஸில் பைடனோடு மேடை ஏறினார்.

ஓர் இடத்தில் திடீரென்று பற்றிக்கொண்டாலும் அடுத்த பத்து மாநிலங்களில் ஆள் வேண்டும் என்ற பாடம் 1984-லேயே எழுதப்பட்டதுதான். கொலராடோவின் செனட்டர் கேரி ஹார்ட் அயோவாவில் முன்னாள் துணை அதிபர் வால்டர் மாண்டேலின் 49 சதவீதத்துக்கு எதிராக 16% வாங்கி இரண்டாவதாக வந்தார். அந்த இரண்டாவது இடத்தையே பத்திரிகைகள் பெரிதாக்கின. எட்டே நாளில் நியூ ஹாம்ப்ஷயரில் மாண்டேலைத் தோற்கடித்தார். ஆனால் சில மாநிலங்களில் தன் பெயரில் நிற்க வேண்டிய கட்சி மாநாட்டுப் பிரதிநிதிகளின் பட்டியலைக்கூட அவர் முழுதாகத் தாக்கல் செய்திருக்கவில்லை. மாண்டேலிடம் தொழிற்சங்கங்கள் இருந்தன. அந்த ஆண்டு பிரபலமாக இருந்த ஹாம்பர்கர் விளம்பர வசனம் ஒன்றை எடுத்து, உங்கள் புதிய யோசனைகளுக்குள் இறைச்சி எங்கே என்று கேட்டு மடக்கினார்.

இப்போது இறங்குபவருக்கு இதற்கு மேலும் இரண்டு சுமைகள். முதலாவது, விவாத மேடை. 2019 ஜூனில் மேடை ஏற 65,000 நன்கொடையாளர்கள் இருந்தாலோ மூன்று கருத்துக்கணிப்புகளில் 1% வந்தாலோ போதும். செப்டம்பருக்குள் அது 1,30,000 நன்கொடையாளர்கள், நான்கு கணிப்புகளில் 2%, இரண்டுமே வேண்டும் என்றாகிவிட்டது. பென்னட் அங்கேதான் வெளியே தள்ளப்பட்டார். குடியரசுக் கட்சியிலும் 2023-இல் இதே கூத்து. வடக்கு டகோட்டா ஆளுநர் டக் பர்கம் ஒரு டாலர் நன்கொடை கொடுப்பவருக்கு 20 டாலர் பரிசு அட்டை கொடுத்து எண்ணிக்கையைச் சேர்த்தார். கையில் காசுள்ள ஆளுநருக்கு முடிந்தது, எல்லாச் செனட்டருக்கும் முடியாது. இரண்டாவது சுமை, செனட் வேலையே. 2020 ஜனவரியில் டிரம்ப் மீதான பதவிநீக்க விசாரணை நடந்தபோது போட்டியில் இருந்த செனட்டர்கள் சாண்டர்ஸ், எலிசபெத் வாரன், குளோபுச்சார், பென்னட் நால்வரும் வாஷிங்டனில் நீதிபதிபோல் வாய்மூடி உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. அதே வாரங்களில் செனட்டர் அல்லாத போட்டியாளர் பீட் புட்டிஜெஜ் அயோவாவில் ஊர் ஊராகச் சுற்றினார்.

இவ்வளவு சொன்ன பிறகும் செனட்டர்கள் நேரே இறங்கிக்கொண்டேதான் இருப்பார்கள், அதிலும் ஒரு கணக்கு உண்டு. மலையை மயிரால் கட்டி இழுத்தால், வந்தால் மலை, போனால் மயிர். ஆறு ஆண்டுப் பதவிக்காலம் என்பதால் மூன்று முறையில் இரண்டு முறை அதிபர் தேர்தல் அவர்களுடைய சொந்தத் தேர்தலோடு மோதாது. செனட் பிரசாரத்துக்குத் திரட்டிய பணத்தை அதிபர் பிரசாரத்துக்கு மாற்றிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. மாநிலக் கணக்கில் திரட்டிய ஆளுநருக்கு அந்தச் சலுகை இல்லை. மோதும் ஆண்டானால் மாநிலச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். டெக்சாஸில் இரண்டுக்கும் நிற்கலாம். கென்டக்கியில் ஒரே வாக்குச்சீட்டில் இருமுறை பெயர் வரக் கூடாது என்பதால், 2016-இல் அம்மாநிலச் செனட்டர் ராண்ட் பாலுக்காகக் கட்சி முதன்மைத் தேர்தலையே காக்கஸாக (கட்சியே நடத்தும் உள்ளூர்க் கூட்ட வாக்கெடுப்பாக) மாற்றியது.

இரண்டாம் இடத்தில் நின்றால்

செனட்டிலிருந்து துணை அதிபராகி, பிறகு அதிபரானவர்கள் கடந்த நூறு ஆண்டில் நான்கு பேர்: ட்ரூமன், ஜான்சன், நிக்சன், பைடன். அதே நூறு ஆண்டில் செனட்டிலிருந்து நேரே போனவர்கள் இரண்டு பேர். சிறிய எண்களை வைத்துப் பெரிய முடிவுக்கு வரக் கூடாது என்பது சரி, ஆனாலும் அந்த நால்வரின் கதைகளை உள்ளே போய்ப் பார்த்தால் எண் சொல்வது பொய்யில்லை என்று தெரியும்.

பைடன் 2008-இல் அயோவாவில் ஒரு சதவீதம்கூட எடுக்காமல் ஐந்தாம் இடத்தில் முடிந்து விலகியவர். செனட்டில் 35 ஆண்டு இருந்தும் அதுதான் நிலைமை. அவரை 2020-இன் முன்னணி வேட்பாளராக்கியது ஒபாமாவின் பக்கத்தில் நின்ற எட்டு ஆண்டு. கமலா ஹாரிஸ் 2019 டிசம்பரில் ஒரு வாக்குகூடப் பதிவாகும் முன்பே பணமில்லாமல் விலகினார். 2020-இல் துணை அதிபர் வேட்பாளர், 2024 ஜூலையில் பைடன் விலகியதும் முதன்மைத் தேர்தலையே சந்திக்காமல் கட்சியின் வேட்பாளர். (திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தில் அவருக்காகப் பூஜை செய்தவர்களுக்கு இந்தக் குறுக்கு வழியின் மதிப்பை நான் விளக்க வேண்டியதில்லை.) தோற்றார்தான். ஆனால் நேர்வழியில் அவர் அந்தச் சீட்டுக்குப் பக்கத்தில்கூடப் போயிருக்கவில்லை.

ட்ரூமன்தான் அமைதியான செனட்டருக்கு அசல் முன்மாதிரி. கான்சஸ் சிட்டி கட்சி முதலாளி பெண்டர்காஸ்டின் ஆள் என்று கேலி பேசப்பட்டவர். போர்ச் செலவில் நடந்த ஊழலையும் வீணடிப்பையும் தோண்டிய குழுவுக்குத் தலைமை வகித்து மரியாதை சம்பாதித்தார். 1944-இல் துணை அதிபராக இருந்த வாலஸைக் கட்சித் தலைவர்களுக்குப் பிடிக்கவில்லை, மாற்றாக யாருக்கும் பெரிய மறுப்பில்லாத ஆள் தேவைப்பட்டார். 1920-இல் ஹார்டிங்குக்குத் திறந்த அதே அறை! முதலிடத்துக்கு அந்த அறை மூடப்பட்டாலும் இரண்டாம் இடத்துக்கு இன்றும் திறந்தேதான் இருக்கிறது. துணை வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது ஒரே ஆள், அவருக்கு வேண்டியது தன்னை மறைக்காத, வம்பு இழுக்காத முகம். நேர்வழியில் பலவீனமாக இருக்கும் அதே குணம் இங்கே தகுதி. 2016-இல் வர்ஜீனியா செனட்டர் டிம் கெயின் ஹிலாரி கிளின்டனின் துணை வேட்பாளராகத் தேர்வானதும் அப்படித்தான்.

கெயின் தோற்று, செனட்டுக்குத் திரும்பி, சத்தமில்லாமல் வேலையைத் தொடர்ந்தார். இந்த வழியில் விழுந்தால் அடி அவ்வளவுதான்.

குறை இல்லாமல் இல்லை. முதல் குறை, இது நம் கையில் இல்லை. ஒருவர் கூப்பிட வேண்டும். குளோபுச்சார் 2020-இல் அந்தப் பட்டியலில் இருந்தார். மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டதும், அந்த நகரம் இருக்கும் மாவட்டத்தின் அரசு வழக்கறிஞராக அவர் இருந்த காலம் கேள்விக்குள்ளானது. ஜூனில் தானே விலகிக்கொண்டார். அடுத்த குறையைப் பலர் கவனிப்பதில்லை. செனட்டர் மேலே போனால் காலியாகும் இடத்துக்கு ஆள் நியமிப்பவர் பெரும்பாலான மாநிலங்களில் ஆளுநர். 2016-இல் ஒஹாயோவின் ஷெரட் பிரவுனைக் கிளின்டன் எடுக்கத் தயங்கியதற்கு, அங்கே குடியரசுக் கட்சியின் ஜான் கேசிக் ஆளுநராக இருந்தது ஒரு முக்கியக் காரணமாகப் பேசப்பட்டது. வர்ஜீனியாவில் அந்தச் சிக்கல் இல்லை, கெயினுக்கு அது வசதியாக அமைந்தது. ஆக, இந்த வழியில் நடக்க நினைக்கும் செனட்டர் தன் மாநில ஆளுநர் தேர்தலில் தன் கட்சி ஜெயிக்க உழைப்பது புத்திசாலித்தனம். பிறகு, துணை அதிபர் பதவியே ஆளை அமுக்கியும் விடலாம். மூத்த புஷ்ஷின் துணை அதிபராக இருந்த டான் குவேல் 1999-இல் அதிபர் பிரசாரத்தைத் தொடங்கிய வேகத்திலேயே முடித்துக்கொண்டார்.

ஆளுநராகிப் போனால்

அமெரிக்க ஆளுநர் நம் முதல்வரைப்போல மக்கள் தேர்ந்தெடுப்பவர். பட்ஜெட் போடுவார், வெள்ளம் வந்தால் பூட்ஸ் மாட்டிக்கொண்டு இறங்குவார், டிவியில் தெரிவார். 1976 முதல் 2004 வரை நடந்த எட்டு அதிபர் தேர்தல்களில் ஏழில் வென்றவர் ஆளுநராகவோ முன்னாள் ஆளுநராகவோ இருந்தவர்: கார்ட்டர், ரேகன், கிளின்டன், இளைய புஷ். இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பலருக்கு ஆசை வருகிறது.

2004-க்குப் பிறகு ஓர் ஆளுநரும் வெல்லவில்லை என்பது கணக்கின் மறுபக்கம். ஃபுளோரிடாவில் பெரும் வெற்றி பெற்ற ஆளுநர் டிசாண்டிஸ் 2024-இல் அயோவாவோடு முடிந்தார். அதைவிட முக்கியம், செனட்டராக இருந்து பிறகு ஆளுநராகி, அங்கிருந்து அதிபரானவர் கடந்த நூறு ஆண்டில் ஒருவரும் இல்லை. கலிஃபோர்னியாவின் பீட் வில்சன் செனட்டை விட்டு 1991-இல் ஆளுநரானார். பதவிக்காலம் முழுவதும் இருப்பேன் என்று 1994-இல் சொல்லிவிட்டு அடுத்த ஆண்டே அதிபர் போட்டியில் இறங்கினார். தொண்டை அறுவைச் சிகிச்சையால் குரலும் போயிருந்தது. செப்டம்பரிலேயே ஆட்டம் முடிந்தது. சாஃபியை ஏற்கெனவே பார்த்தோம். இரண்டு பதவியும் வகித்தவர், மேடையில் தன் பழைய வங்கிச் சட்ட வாக்கைப் பற்றிக் கேட்டபோது, அப்பா இறந்து அப்போதுதான் செனட்டுக்கு வந்திருந்தேன் என்றார். ஆளுநர் பதவி செனட் வாக்குகளை அழித்துவிடாது.

கார்ட்டரைப் பலரும் உதாரணம் காட்டுவார்கள். அவருடைய பெரிய சொத்து, 1975 ஜனவரியில் ஆளுநர் பதவி முடிந்து வேலையில்லாமல் இருந்ததுதான். அந்த ஆண்டு முழுக்க அயோவாவில் வீடு வீடாகப் போக நேரம் இருந்தது. பதவியில் உள்ள ஆளுநருக்கும் செனட்டருக்கும் கிடைக்காத நேரம் அது.

அதிபர் ஆசைக்காக அல்லாமல், ஆளுநர் வேலைக்காகவே போவதானால் இந்த வழியில் ஒரு பிழையும் இல்லை. செனட்டில் ஆறு ஆண்டில் முடியாததை மாநிலத்தில் ஒரு பட்ஜெட்டில் முடிக்கலாம். பென்னட்டும் கடைசியில் இங்கேதான் வந்தார். 2025 ஏப்ரலில் கொலராடோ ஆளுநர் பதவிக்கு நிற்பதாக அறிவித்தார். அதை 2028-க்கான ஒத்திகை என்று யாராவது சொன்னால் நாட்காட்டியைக் காட்டுங்கள். 2026 தேர்தலில் வெல்பவர் பதவியேற்பது 2027 ஜனவரியில். அந்த ஆண்டே வேட்பாளர்கள் அயோவாவையும் நியூ ஹாம்ப்ஷயரையும் தென் கரோலினாவையும் சுற்றத் தொடங்கியிருப்பார்கள். புது ஆளுநர் டென்வரில் முதல் பட்ஜெட்டோடு உட்கார்ந்திருக்க வேண்டும். அடுத்த வாய்ப்பு 2032, அப்போது அவருக்கு வயது 67. வேறொரு வேட்பாளருக்கு 2028-இல் வம்பில்லாத துணை தேவைப்பட்டு தொலைபேசி வந்தால், எடுக்கத் தகுந்த அழைப்பு அதுதான்.